தடுமாறினால் முதலிலிருந்து

மேலே போகவா வந்தீர்கள்? அவசரம் ஒன்றுமில்லை, உட்காருங்கள். இப்போது நடக்கிற வகுப்பு முடிய இன்னும் நேரமிருக்கிறது. அதுவரை படிக்கட்டில் நின்றால் கால்தான் வலிக்கும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். எனக்கு பேக்கரி பெஞ்சே போதும்.

அண்ணாச்சி, இந்த அம்மாவுக்கு ஒரு டீ. சீனி குறைவாக.

ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பது உங்கள் மகளா? நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். எந்த ஊர்? திசையன்விளையா? பாருங்கள், அங்கிருந்து பஸ் மாறி இந்தப் பாளையங்கோட்டை வரைக்கும் மேலே வகுப்பு எடுக்கிறாளே, இவளைத் தேடி வந்திருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் பாவம் என்னைச் சேரும்.

நான் பேராசிரியை எமிலி ஞானரத்தினம். இதே ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்து, போன வருடம் விருப்ப ஓய்வு பெற்றேன். நான் பேசுவது சிலருக்கு நீளமாகத் தோன்றும். ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மேலே கனி அகாடமி என்று ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி வகுப்பு வைத்து நடத்துகிறாளே செல்வகனி, அவள் என் மாணவி. அவளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் கிடையாது.

எனக்கு ஒரே மகள், கெசியா. ஹங்கேரி நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் சேர்ந்தாள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் முடிந்ததும், அங்கே ஆய்வுக்கூடம் சரியில்லை, அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நேராக இரண்டாம் ஆண்டில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது, மாறிக்கொள்கிறேன் என்றாள். மாறு என்றேன். விடுமுறைக்கு ஊருக்கும் வந்துவிட்டாள். அதன் பிறகு அயர்லாந்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. இடம் உண்டு, ஆனால் ஜூலை முடிவதற்குள் ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் அனுப்ப வேண்டும். மொத்தத்தில் ஒன்பதுக்கு ஆறரை. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கில் எதிலும் ஆறுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் இடம் இல்லை.

யாருடைய மகளுக்கு? என் மகளுக்கு.

ஒரு வருடம் முழுக்க ஆங்கிலத்திலேயே படித்துத் தேறியிருக்கிறாளே என்று கேட்டால், ஹங்கேரி ஆங்கிலம் பேசும் நாடு அல்லவாம். அங்கே சேரும்போது ஆங்கிலத்தில் நேர்காணல் வைத்துத்தானே எடுத்தார்கள் என்றால், அது அவர்களுக்குச் செல்லும், எங்களுக்குச் செல்லாதாம். சரி என்று நானே எழுதினேன். 'இந்த மாணவிக்குத் தொட்டில் பருவம் முதல் ஆங்கிலம் கற்பித்தவள் நான். அவளுடைய ஆங்கிலத்துக்கு நான் பொறுப்பு' என்று, என் பட்டங்களையெல்லாம் வரிசையாகப் போட்டு ஒரு சான்றிதழ். இரண்டு வரியில் பதில் வந்தது. ஏற்க இயலாது, இப்படிக்கு ஃபியோனா. தகப்பன் பெயர் கிடையாது, பதவி கிடையாது, வெறும் ஃபியோனா. அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. அவளுக்கும் ஒரு நாள் வரும். முதலில் பக்கத்தில் இருப்பவளை முடித்துவிட்டு அங்கே போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போதே சொன்னார். "செல்வகனிகிட்ட ஒரு பத்து நாள் போய்ட்டு வரட்டுமே எமிலி. ஊர்ப் பிள்ளைக பூராவும் அங்கதான போகுது."

"ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலப் பேராசிரியை இருக்கிறாளா?" என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். எது கேட்டாலும் அதுதான்.

செல்வகனி யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்தவள். தமிழ் வழியில் படித்தவள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்லூரி நாள் விழாவில் ஆங்கில ஒப்புவித்தல் போட்டி நடக்கும், நான்தான் பொறுப்பு. இவளும் பெயர் கொடுத்தாள். நல்ல பகுதி, நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பாதியில் மறந்துவிட்டாள். மறந்தவள் என்ன செய்ய வேண்டும்? முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் விதி. இவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, தன் அப்பா ஓட்டும் மினி பஸ்ஸைப் பற்றிச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தாள். எந்தெந்த ஊரில் யார் யார் ஏறுவார்கள், எந்தக் கிழவர் டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிப்பார், இப்படி. ஆங்கிலமா அது? ஆனால் அரங்கம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். வெளியிலிருந்து வந்த நடுவர்களும் மயங்கி முதல் பரிசை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். இது ஒப்புவித்தல் போட்டி, கதை சொல்லும் போட்டி அல்ல என்றேன். கோப்பையைத் திரும்ப வாங்கி, விதிப்படி ஒப்பித்த பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் அழவில்லை. "சரி மேடம்" என்றாள். அந்தச் 'சரி மேடம்' இருக்கிறதே, அதற்குள் விஷம் இருந்தது. அன்று வைத்த கறுவை இத்தனை வருடம் அடைகாத்து, என் பிள்ளை வழியாகத் தீர்த்துக்கொண்டாள். மனிதர்களுக்குப் பழிவாங்கும் எண்ணம் எவ்வளவு காலம் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கே பயமாக இருக்கிறது.

டீ சூடாக இருக்கும்போதே குடியுங்கள்.

நானே கெசியாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். பேசுதல் தேர்வில் கேட்கக்கூடிய தலைப்புகள் எல்லாவற்றையும் திரட்டினேன். நான் ரசித்த பயணம், என் மனம் கவர்ந்த ஆசிரியர், மறக்க முடியாத பரிசு. ஒவ்வொன்றுக்கும் கச்சிதமாக ஓர் உரை எழுதி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்று குறித்தும் கொடுத்தேன். அவளுக்கு இது புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிக் கேடயம் வருடா வருடம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வேதாகமத்திலேயே நீளமான அதிகாரமான சங்கீதம் நூற்றுப் பத்தொன்பது முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லுவாள். அதற்கு நான் வைத்திருந்த முறை ஒன்றுதான். தடுமாறினால் முதலிலிருந்து. யாராவது இருமினாலும், கதவு தட்டப்பட்டாலும், கோர்வை விட்டுப்போனால் முதலிலிருந்து. முடித்த பிறகுதான் சாப்பாடு. பிள்ளையை அப்படித்தான் வளர்க்க வேண்டும்.

"அம்மா, அங்க நம்மகிட்ட பேசத்தாம்மா செய்வாங்க. ஒப்பிக்கச் சொல்ல மாட்டாங்க" என்றாள் ஒருநாள்.

"பேசுவதற்கு மனதில் ஏதாவது இருக்க வேண்டாமா? அதைத்தான் வைத்துக் கொடுக்கிறேன்" என்றேன்.

அவள் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். புரிந்துகொண்டாள்.

தேர்வு மதுரையில். காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். முடித்து வெளியே வந்தவள் முகம் செத்திருந்தது. என்ன தலைப்பு என்றேன். திட்டமிட்டபடி நடக்காத ஒரு பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். நம்மிடம் இருப்பது ரசித்த பயணம். புத்திசாலிப் பெண் அல்லவா, அதையே சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். கொடைக்கானல், மூடுபனி, வெள்ளி அருவி, எல்லாம் வரிசையாக வந்திருக்கிறது. பாதியில் அந்தத் தேர்வாளர் குறுக்கிட்டு, அப்படியானால் அந்தப் பயணத்தில் எதுதான் கெட்டுப்போனது என்று கேட்டிருக்கிறார்.

"அப்புறம்?"

"நான் முதல்லருந்து ஆரம்பிச்சேன்ம்மா."

"சரிதானே."

"அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். நான் மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிச்சேன். வேணும்னு செய்யலம்மா. வாய் அதுவா போகுது. நேரம் முடிஞ்சிட்டு."

ஒரு குழந்தை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது என்ன நாகரிகம்? ஒரு சொல் பிசகவில்லை என்று அவளே சொன்னாள். ஆனால் மதிப்பெண் வந்தது. கேட்டல் ஏழரை, படித்தல் எட்டு, எழுதுதல் ஏழு, பேசுதல் ஐந்தரை. மொத்தம் ஏழு இருந்து என்ன, ஒரு அரையில் பிள்ளையின் அயர்லாந்து போயிற்று. அந்தத் தேர்வாளர் மேல் முறையீடு செய்தேன். மதிப்பெண் மாறவில்லை என்று பதில். உள்ளே எல்லாரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். அப்படித்தான் பதில் வரும்.

இன்னொரு முறை எழுத ஜூலையில் ஒரே ஒரு தேதிதான் மிச்சமிருந்தது. நான் புதிதாகத் திட்டமிடாத பயணம், திட்டம் கெட்ட பயணம் என்று மேலும் தலைப்புகள் எழுத உட்கார்ந்தேன். அந்த நாட்களில்தான் சாயங்காலமானால் கெசியா பாடகர் குழுப் பயிற்சி என்று கிளம்புவாள். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கோயிலில் பாடுகிறாளே, தேவன் இரங்குவார் என்று நானும் இருந்துவிட்டேன். ஒருநாள் காய்கறி வாங்க வந்தவள் பார்க்கிறேன், எங்கள் ஸ்கூட்டர் இதோ, இந்தப் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. அவர் இதே பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் பன்னைப் பின்னால் மறைத்தார். மகளை மறைக்கத் தெரிந்தவருக்குப் பன்னை மறைக்கத் தெரியவில்லை.

நான் மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் கெசியா ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் தெரியுமா? என்னைப் பற்றி. வசனம் தடுமாறினால் அம்மா முதலிலிருந்து சொல்லச் சொல்வார், முடிகிறவரை சோறு கிடையாது, நானோ மேசையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவேன், அப்பா மேசைக்கு அடியில் கையை நீட்டி முறுக்குத் தருவார், அதைக் கடித்தால் சத்தம் வரும் என்று வாயில் ஊறவைத்துக்கொண்டே சங்கீதம் சொல்லுவேன் என்று, அப்படிச் சொல்லிக் காட்டுகிறாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். அந்த முறுக்கு விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் கோபப்படவில்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லின் காலத்தைத் தவறாகச் சொன்னாள். அதை எப்படி விட முடியும்? வாசலில் நின்றபடியே திருத்தினேன்.

என்ன கேட்டீர்கள்? மேலே மாட்டியிருக்கும் பேனரில் இருப்பது கெசியாதானே என்றா? அதற்கு வருகிறேன் அம்மா. இப்படிக் குறுக்கே கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். எங்கே நிறுத்தினேன்? பரவாயில்லை. நான் பேராசிரியை எமிலி ஞானரத்தினம். இதே ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்து, போன வருடம் விருப்ப ஓய்வு... ஆமாம், ஆமாம், அதைச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றேன். சரி.

திருத்தினேன். சிரிப்பு நின்றது. கெசியா என்னைப் பார்த்தாள். வாய் திறந்து, அந்தக் கதையை முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தாள். அதே சொற்கள். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. பார்வை சுவரில் இருந்தது. கேடயம் வாங்குகிற வயதில் நிற்பாளே, அப்படிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஏன் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று தெரியவில்லை.

செல்வகனி எழுந்து வந்தாள். "வாங்க மேடம். வெளிய கொஞ்சம் உக்காருதீங்களா? தண்ணி கொண்டுவரச் சொல்லுதேன்."

"என் மகளைக் கூப்பிடு. அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன்."

"நீங்க சொல்லிக்கொடுத்தது எல்லாம் இருக்கு மேடம், ஒண்ணும் போகல. மனப்பாடம் பண்ணிச் சொன்னா அவங்க கண்டுபிடிச்சிருவாங்க, மார்க் விழாது. அவ பேச்சு அவகிட்டயே இருக்கு. கொஞ்சம் வெளிய வரட்டும், அவ்வளவுதான்." பிறகு, எத்தனை மரியாதையாகச் சொன்னாள் தெரியுமா, "கதவச் சாத்திக்கிடுதேன் மேடம், பிள்ளைக பேசணும்லா" என்றாள். சாத்தினாள். தடாலென்று சாத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சத்தமே வராமல் சாத்தினாள்.

கல்லூரியில் என் வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்தும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது. என் மகள் உள்ளே, நான் வெளியே. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் படிக்கட்டில் புல் முளைக்க வேண்டும். அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது தேர்வில் பேசுதலில் ஏழரை வாங்கினாள். யார் கொடுத்த அடித்தளம் அது? கனி அகாடமி உடனே என் பிள்ளை படத்தைப் பெரிதாக அடித்து ரோட்டைப் பார்க்க மாட்டிவிட்டது. 'எங்கள் கெசியா, பேசுதலில் 7.5.' எங்கள் கெசியாவாம்! நான் மாநகராட்சியில் மனுக் கொடுத்தேன், போக்குவரத்துக்கு இடைஞ்சல், அனுமதி இல்லாத பேனர் என்று. இரண்டு பேர் ஏணியோடு வந்து இறக்கினார்கள். குப்பை வண்டியில் ஏற்றப் போனவர்களிடம் கேட்டு நானே வாங்கிக்கொண்டேன். வெற்றிக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று மடித்து பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதற்காக அல்ல. எலி கடிக்கிறதா என்று அவ்வப்போது விரித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். முகம் மட்டும் கூடத்து அகலம் வரும். அதில் எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள், நீங்களே மேலே பாருங்கள், இது அனுமதி வாங்கிப் புதிதாக அடித்து மாட்டியது. வீட்டில் அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. படம் எடுத்தவர்கள் கம்ப்யூட்டரில் ஏதோ செய்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் தினமும் வருகிறேன். ஞாயிறு மட்டும் கோயில். வருகிற தாய்மார்களை இங்கேயே நிறுத்தி, ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம். வாய் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. அவளுக்கும் பயம் வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே "மேடம் வெயில்ல பெஞ்சுல உக்காந்திருக்காங்க" என்று ஒரு நாற்காலி இறக்கி அனுப்பினாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுதான். லஞ்சம்! நான் அதில் உட்காருவேனா? வருகிறவர்களைத்தான் உட்கார வைக்கிறேன்.

என்ன அண்ணாச்சி, சிரிக்கிறீர்கள்?

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க வந்து உக்காந்த பொறவுதான் மேல கூட்டம் சாஸ்தி. புதுசா இன்னொரு ரூம்பும் எடுத்திருக்காங்க. எனக்கும் டீ நல்லா ஓடுது."

கேட்டீர்களா? கூட்டம் ஏன் வராது? நான் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாம் மேலே போய்ச் சண்டை போடுகிறார்கள். அத்தனை பேர் நின்று சண்டை போட இடம் வேண்டாமா?

கெசியாவா? அயர்லாந்தில்தான் இருக்கிறாள். ஃபியோனா இடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கணக்கு தனி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அப்பாவோடு பேசும்போது அடுப்படி வரை சிரிப்புக் கேட்கும். பிறகு என்னிடம் கொடுப்பார். "நல்லாருக்கேன்ம்மா. சாப்பிட்டேன்ம்மா. குளிர்தாம்மா. படிப்பு நல்லா போகுதும்மா. நீங்க உடம்ப பாத்துக்கிடுங்கம்மா." ஒவ்வொரு வாரமும் இதே வரிசைதான், ஒரு சொல் பிசகாது. போன வாரம் நடுவில் கேட்டேன், "ஏட்டி கெசியா, அங்கே உனக்கு யாராவது சிநேகிதி இருக்கிறாளா? ராத்திரி என்ன செய்வாய்? அதைச் சொல்" என்று. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "நல்லாருக்கேன்ம்மா. சாப்பிட்டேன்ம்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

என் பிள்ளையை என்னிடம் பேசவிடாமல் செய்தது யார்? நீங்களே சொல்லுங்கள். அந்தக் கதவுக்கு உள்ளே இருந்த பத்து நாளில் அவள் என்ன செய்தாளோ, என்ன மருந்து வைத்தாளோ! கோப்பையைத் திரும்ப வாங்கியதற்கு என் மகளை வாங்கிக்கொண்டாள். விடுவேனா? என் மூச்சு இருக்கும்வரை இந்தப் பெஞ்சு இங்கேதான்.

உங்கள் மகள் வந்துவிட்டாள். வா அம்மா, வா. எங்கே, எழுந்துவிட்டீர்கள்? டீயை முடிக்கவில்லையே. மேலேயா? இவளையும் கூட்டிக்கொண்டா? போங்கள், போங்கள். எல்லாத் தாய்மார்களும் இப்படித்தான்; என் கதையை முடித்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மேலேறிவிடுகிறார்கள். வயிறெரிந்து அவளை முகத்துக்கு நேராகக் கேட்கத்தான். நான் சொன்னதாகவே கேளுங்கள். ஒரு சொல் பிசகாமல் கேளுங்கள்.

அண்ணாச்சி, அந்த நாற்காலியை இப்படித் திருப்பிப் போடுங்கள். வெயில் வருகிறது.

மேலே போகவா வந்தீர்கள்? அவசரம் ஒன்றுமில்லை, உட்காருங்கள். இப்போது நடக்கிற வகுப்பு முடிய இன்னும் நேரமிருக்கிறது...